கழுத்தில் நீலம்

ஜனவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அண்ணியின் இருமல் விட்டதா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு மிச்சத்தை எழுது. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால், கண் பட்டுவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு.

படம் வந்து மூன்று வாரமாகிறது. உன் மாப்பிள்ளை பதினாறு வருஷம் நாடகக் கம்பெனியில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலில் நின்றவர். "மன்னா, தூதன் வந்திருக்கிறான்" என்பதைத் தாண்டி ஒரு வசனம் அவர் வாயில் வந்ததில்லை. இப்போது சிவபெருமான்! அவ்வளவு நேரம் கண்ணை இமைக்காமல் நிற்க வேறு ஒருத்தராலும் முடியவில்லை என்று டைரக்டரே சொன்னாராம். ஈட்டி பிடித்தது வீண்போகவில்லை பார்.

கடலைக் கடையும்போது விஷம் பொங்குகிறது, உலகமே அழியப் போகிறது, அதை இவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்கிறார். அந்த ஒரு காட்சிக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நீலமாக மாறும்போது கொட்டகையில் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். அந்த விஷம் மை கலந்த திராட்சைச் சாறு என்பதும், அதைக் குடித்துவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும் எனக்கல்லவா தெரியும்! கழுத்தில் பூசிய சாயம் ஒரு வாரம் போகவில்லை. தலையணை உறையெல்லாம் நீலம்.

நேற்று ஒரு வேடிக்கை. காலையில் ஓர் அம்மா கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். இவர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே போனார்.

"குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கு சாமி. பால் குடிக்க மாட்டேங்குது. உங்க கையால கழுத்தைத் தொட்டு விடுங்க."

"நான் சாமி இல்லம்மா, நடிகன்."

"தெரியும் சாமி. தொடுங்க."

வாய் நிறைய நுரையோடு என்ன செய்வார்? தொட்டார். இன்று அவளே வந்து, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்று அழுதாள். கூட இன்னும் நான்கு பேரை அழைத்து வந்திருந்தாள்.

கீழே உன் மருமகள் சிட்டு கிறுக்கியிருப்பது நீதான். மீசை மட்டும்தான் புரிகிறது, பாக்கி எல்லாம் அவளுக்கே வெளிச்சம்.

உன் பாப்பா

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் என்னோடு வேலைக்கு வருகிறது, என்னோடு வீட்டுக்குத் திரும்புகிறது. அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. என் மருந்தால் இல்லை, தானாக.

இங்கேயும் படம் வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். விஷத்தைக் கையில் எடுத்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க மாப்பிள்ளை" என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க யாரு, இமயமலையா?" என்றார். அண்ணி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இனி கம்பவுண்டராகச் சொல்கிறேன், கவனித்துப் படி. சாதாரணத் தொண்டைக் கட்டு யார் தொட்டாலும், தொடாவிட்டாலும் மூன்று நாளில் போய்விடும். பால் குடித்த அந்தக் குழந்தைக்கு அதுதான். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் வேறு ஒன்று வர ஆரம்பித்திருக்கிறது. தொண்டை அடைப்பான். உள்ளே வெள்ளையாகத் தோல் மாதிரி படியும். வாய் நாற்றம் இருக்கும், கழுத்து வீங்கும், பிறகு மூச்சு அடைக்கும். ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு மூச்சிலேயே தாவும். கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது.

யாரையும் உள்ளே விடாதே. சிட்டுவை அந்தக் கூட்டத்தின் பக்கமே விடாதே. மாப்பிள்ளையை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல். கடவுளாக இருந்தாலும் கழுவட்டும்.

கிறுக்கல் நன்றாக இருக்கிறது. மீசை கொஞ்சம் குறைச்சல்.

உன் அண்ணன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது வாசலில் கயிறு கட்டியிருக்கிறது. நான் கட்டவில்லை. படக் கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பிக் கட்டினார். பெரிய கை வைத்த நாற்காலியும் அனுப்பினார். தினமும் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. நேற்று நாற்பத்து மூன்று குழந்தைகள். நூறாவது நாள் விழா வரைக்கும் இவர் வெளியே சிகரெட் பிடிக்கக் கூடாது, ஹோட்டலில் உட்காரக் கூடாது, மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ தலை தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். "விஷத்தையே முழுங்கினவர் இருமல் மருந்து வாங்கினா படம் படுத்துடும்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த படத்துக்கு இன்னும் கையெழுத்து வாங்கவில்லை. அது இவருக்கும் புரிந்தது.

நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "நம்பி வர்றாங்க. வேணாம்னா அழறாங்க, தொட்டா சிரிக்கிறாங்க. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். கை கழுவுகிறார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிட்டுவை உள்ளே வைக்கத்தான் பார்க்கிறேன். அப்பா மடியில் உட்கார வேண்டும் என்று ஒரே அடம். வருகிறவர்களும் அவளுக்கு பொம்மை, ஊதல், பலூன் என்று கொடுக்கிறார்கள். வீடு பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது.

மாமாவுக்கு மீசை பெரிதாக்கி அனுப்பியிருக்கிறாள்.

பாப்பா

பிப்ரவரி 8

பாப்பா,

இங்கே சுகம். விசாரிப்பையெல்லாம் இதோடு முடித்துக்கொள்கிறேன்.

ஊதலா? ஒரு குழந்தை வாயில் வைத்ததை இன்னொரு குழந்தை வாயில் வைக்கிறதா? அதையெல்லாம் இன்றைக்கே கொதிக்கிற தண்ணீரில் போடு. கொதிக்கவைக்க முடியாததை அடுப்பில் போடு. அவள் அழுதால் அழட்டும்.

மூன்று கேள்வி கேட்கிறேன். கதை வேண்டாம், ஆம் இல்லை என்று எழுது. சிட்டு இப்போது உள்ளேதான் இருக்கிறாளா? அவளுடைய தொண்டையைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்கிறாயா? வருகிற குழந்தைகளில் எவளுக்காவது, எவனுக்காவது கழுத்து வீங்கியிருந்ததா?

போன வாரம் எங்கள் வார்டில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அதில் ஒன்றைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. பார்க்கலாம்.

உடனே பதில் போடு.

அண்ணன்

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சௌக்கியமா? இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டோம், பச்சை நிறம். ஐம்பதாவது நாளுக்குக் கொட்டகை வாசலில் இவருடைய உருவத்தை இரண்டு மாடி உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். காற்றில் கை மட்டும் கழன்று தொங்கியது. அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இவருக்கு இப்போது குரலே மாறிவிட்டது. வீட்டிலும் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். தண்ணீர் கேட்டால்கூட வசனம் மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ரொம்ப அதிகம் இல்லை. ஐந்து வயது. முழுங்கினால் வலிக்கிறது என்கிறது. குரல் கம்மியிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளே வெள்ளையாக, நகம் அளவுக்கு. விரலில் துணி சுற்றித் துடைத்துப் பார்த்தும் போகவில்லையாம். நாற்றமெல்லாம் அவ்வளவாக இல்லை. அவர்கள் வெளியே தூக்கிக்கொண்டு போக முடியாத நிலைமையில் இருக்கிறார்கள். வீட்டிலேயே கொடுக்கிற மாதிரி மாத்திரை ஏதாவது இருந்தால் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. எத்தனை நாளில் சரியாகும் என்பதையும் எழுது.

சீக்கிரம் எழுது அண்ணா.

பாப்பா

பிப்ரவரி 27

பாப்பா,

இதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். வந்திருக்க வேண்டும். இன்னும் நீ வீட்டில்தான் இருக்கிறாய் என்றால் இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு சிட்டுவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

உன் பக்கத்து வீட்டில் குழந்தை கிடையாது. ஒரு பக்கம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் தனியாக இருக்கிறார். இன்னொரு பக்கம் மரக்கடை. போன வருஷம் வந்து பத்து நாள் தங்கியவனிடம் இப்படி எழுதுகிறாயே! கடிதத்தின் அடியில் கிறுக்கலைத் தேடினேன். இல்லை. மாத்திரை எதுவும் இல்லை. சீரம் ஊசிதான் ஒரே மருந்து. அதையும் முதல் இரண்டு நாளில் போட்டால் பெரும்பாலும் பிழைக்கும். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் பாதி நம்பிக்கை போய்விடும். இது நான் ஏட்டில் படித்தது இல்லை, என் கையால் மருந்து எடுத்துக் கொடுத்துப் பார்த்தது.

அன்றைக்கு எழுத மனம் வராததை இப்போது எழுதுகிறேன். இங்கே இறந்துபோன பெண் குழந்தையின் கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. நர்ஸ் அவிழ்த்தபோது உள்ளே படத்தின் பாட்டுப் புத்தக அட்டை இருந்தது. மாப்பிள்ளையின் முகம். நான்கு நாள் அதைக் கட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

லீவு கேட்டேன். வார்டு நிரம்பி வழிகிறது, மாற்று ஆள் வரும்வரை கிடையாது என்றுவிட்டார்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு ஊரான் பிள்ளைகளுக்கு ஊசி எண்ணிக் கொடுக்கிறேன்.

தந்தி கொடு. ஒரு வார்த்தை போதும்.

அண்ணன்

மார்ச் 1
ஆஸ்பத்திரி வராந்தா

அண்ணா,

இருக்கிறாள். "இருக்கிறாள்" என்று தந்தி கொடுத்தேனே, வந்ததா? மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

உன் தந்தி வந்தபோது காலை எட்டு மணி. இவர் வாசலில் நாற்காலியில் இருந்தார், கயிறு நிறைய ஜனம். உள்ளே சிட்டு ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக மேனேஜர், "ராத்திரி டாக்டரை வீட்டுக்கே அழைச்சுட்டு வரேன், யாருக்கும் தெரியாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் வரவே இல்லை. இவர் சாயங்காலம் சாயங்காலம் வந்து அவள் கழுத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன் அண்ணா. அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் பக்கத்து வீடு என்று எழுதினேன்.

தந்தியைப் படித்ததும் சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் நடையில் மறித்துக்கொண்டு, "அம்மா, பின்பக்கமா போங்க, வண்டி சொல்றேன். அரை மணி நேரம்" என்றார். நான் முன்பக்கமாகவே போனேன்.

கூட்டத்துக்கு என்னைத் தெரியவில்லை. நானும் குழந்தையைத் தொட வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். "பாவம், ரொம்ப இழுக்குது, வழி விடுங்க, அந்த அம்மாவை முதல்ல விடுங்க" என்று கயிற்றைத் தூக்கி என்னை நேராக இவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். இவர் முகத்தைப் பார்க்காமலே பழக்கத்தில் கையை நீட்டினார். கழுத்தில் விரல் பட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நீங்க வரீங்களா?"

அவர் எழுந்திருக்கவில்லை. நான் ரிக்‌ஷாவில் ஏறினேன். வரிசையிலிருந்து ஒரு பெண் தன் குழந்தையோடு ஓடிவந்து, கேட்காமலே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வாசலிலேயே ஊசி போட்டார்கள். ஆனால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். குழாய் வழியாக மூச்சு விடுகிறாள். சத்தமில்லாமல் அழுகிறாள். வாய் திறக்கிறது, கண்ணீர் வருகிறது, ஒரு சத்தமும் இல்லை. இதை எப்படி அண்ணா பார்ப்பது?

அவர் இதுவரை உள்ளே வரவில்லை.

பாப்பா

மார்ச் 5

பாப்பா,

தந்தி வந்த அன்று அண்ணியும் நானும் அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தோம். அழுகிறாள் என்று எழுதினாயே, நல்லது. அழத் தெம்பு இருக்கிறது.

இனிமேல்தான் ஜாக்கிரதை. தொண்டை சரியாகிவிட்டதென்று விட்டுவிடாதே. இந்த நோயின் விஷம் இருதயத்தைத் தாக்கும், இரண்டாவது மூன்றாவது வாரத்தில்கூட. அவள் சிரித்தாலும் விளையாடக் கேட்டாலும் எழுந்து உட்காரவிடாதே. படுக்கையிலேயே ஊட்டு. உதடு வெளுத்தாலோ, குடித்த தண்ணீர் மூக்கில் வந்தாலோ நர்ஸைக் கூப்பிடு. குழாயைச் சுத்தம் செய்யும்போது பக்கத்திலேயே நின்று பார்.

நீ எழுதாமல் மறைத்ததைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளை எங்கே?

அண்ணன்

மார்ச் 9

மச்சான் அவர்களுக்கு,

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. உங்கள் நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. குழந்தை நேற்று கஞ்சித் தண்ணீர் குடித்தாள். நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வார்டு வாசல் பெஞ்சில் இருக்கிறேன். உங்கள் தங்கை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் படித்தேன். அன்று நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மேனேஜருக்குப் பயந்தோ, அடுத்த படம் போய்விடும் என்றோ இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். நான் தொட்டால் சரியாகிவிடும் என்று நானே நம்பிவிட்டேன் மச்சான். பதினாறு வருஷம் மேடையில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. இரண்டு மாதம் தினமும் நாற்பது பேர் பார்த்தார்கள், அழுதார்கள், பிள்ளை பிழைத்தது என்றார்கள். பிழைக்காதவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

அவள் ரிக்‌ஷாவில் போன பிறகும் நான் நாற்காலியிலேயே இருந்தேன். இன்னும் நான்கு குழந்தைகளைத் தொட்டேன். ஐந்தாவது ஒரு பெண் குழந்தை. அதன் அப்பா வாயைத் திறந்து, "உள்ள பாருங்க சாமி" என்றார். அதுவரை நான் ஒரு குழந்தையின் வாய்க்குள்ளும் பார்த்ததில்லை. கழுத்தை மட்டும்தான் தொடுவேன், கண்ணை மூடிக்கொண்டு. அன்று பார்த்தேன். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. அந்த நாற்றமும்.

குழந்தையை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மேனேஜர் கையைப் பிடித்தார், உதறினேன். வரிசை முழுவதும் என் பின்னால் வந்தது. எங்கே போகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை. தெருவில் இருந்தவர்கள் ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் முப்பது குழந்தைகளையும் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா எங்கய்யா வெச்சிருந்தீங்க இவங்களை?" என்று கத்தினார். "என் வீட்டு வாசலில்" என்றேன்.

ஏழு பேருக்கு அந்த நோய். ஐந்து பேர் தேறி வருகிறார்கள். இரண்டு பேர் இல்லை. அதில் ஒருவனை நான் ஒரே வாரத்தில் மூன்று தடவை தொட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

தினமும் வீட்டைத் தேடி வருகிறவர்களைப் பக்கத்து வீட்டுத் தபால்காரர் இங்கே அனுப்பிவிடுகிறார். நான் ஊசி போடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். "நீங்க தொட்டா போதும்" என்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டால்தான் தொடுவேன் என்கிறேன். அது சரியா தவறா தெரியவில்லை.

நூறாவது நாள் விழாவுக்கு வேறு நடிகரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த இரண்டு வீட்டுக்கும் நான் போக வேண்டுமா? அடிப்பார்கள் என்று பயமில்லை. மறுபடியும் காலில் விழுந்துவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. உங்கள் ஊரில் என் படத்தைக் கட்டி வைத்திருந்த குழந்தையின் வீடும் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் உங்களைத் திட்டியிருந்தேன். திட்ட எனக்கு வாய் இல்லை என்பதால் கிழித்தேன்.

எங்கள் வார்டில் போன அந்தப் பெண் குழந்தை இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் என் மருந்து ஜன்னலுக்கு வந்தது. அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் சீட்டு இல்லை, கூட்டத்தில் நிற்க முடியவில்லை, இருமலுக்கு ஏதாவது கொடுங்கள் என்றார். கழுத்தில் துணி கட்டியிருந்தது. "என்ன அது?" என்று கேட்டேன். ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், உங்கள் முகம் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, மாப்பிள்ளை. "இவர் யாரு தெரியுமா உங்களுக்கு?" என்றேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். துணியை அவிழ்க்கச் சொல்லவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் கம்பவுண்டர்! பாப்பாவிடம் பாதியைத்தான் எழுதினேன். என் மனைவிக்கு அதுகூடத் தெரியாது.

அந்த இரண்டு வீட்டுக்கும் போங்கள். கையில் பழம், பை எதுவும் வேண்டாம். நாற்காலி போட்டாலும் உட்காராதீர்கள். காலில் விழுந்தால் நீங்களும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அவர்கள் பேசுகிறவரை நீங்கள் பேச வேண்டாம்.

பிறகு இங்கே வாருங்கள். அந்த அப்பா அச்சாபீஸில் வேலை பார்க்கிறார்; வீடு என் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருதான். ஒன்றரை மாதமாக அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து போவோம்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கும் உனக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று முன்பெல்லாம் கை தானாக எழுதிவிடும். இப்போது நிஜமாகவே நினைத்து எழுதுகிறேன்.

குழாயை எடுத்துவிட்டார்கள். துளை மூடிக்கொண்டு வருகிறது. இருதயம் சீராக இருக்கிறது என்று டாக்டர் நேற்றுதான் சொன்னார். இந்த ஒரு மாதமும் அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் வந்துவிட்டது, ஆனால் சிட்டுவின் குரல் இல்லை. கரகரவென்று கிழவி மாதிரி இருக்கிறது. முதல் வார்த்தையாக என்ன சொன்னாள் தெரியுமா? "என் ஊதல் எங்கே?" நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. குரல் தெளியுமா என்று கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்" என்கிறார். நீயும் அதையே எழுதாதே.

இவர் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்விட்டு வந்தார். முதல் வீட்டில் அந்த அம்மா விழுந்து கும்பிட்டாளாம். நீ எழுதியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப நேரம் கழித்து அவள், "நீங்க முதல் தடவையே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே சாமி" என்றாளாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார். இரண்டாவது வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. நான்கு நாள் போய் நின்றார். ஐந்தாம் நாள் அந்த வீட்டுக்காரர் தன் பெரிய பெண்ணை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். சீட்டில் பெயர், விலாசம் எழுத இரண்டு கையும் வேண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை இவர் கையில் கொடுத்துவிட்டு எழுதினார். எழுதி முடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவர் அந்தக் கை அப்படியே இருக்க, ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். நான் வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நான் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை, அண்ணா. மருந்து வேளை, சாப்பாட்டு வேளை, அவ்வளவுதான். என்றைக்குப் பேசுவேன் என்று எனக்கும் தெரியவில்லை. சிட்டு அவரைப் பார்த்தால் கையை நீட்டுகிறாள். அவர்தான் தொடப் பயப்படுகிறார்.

வருகிற புதன்கிழமை ரயிலில் உன் ஊருக்குக் கிளம்புகிறார். நீ எழுதியதை என்னிடம் காட்டினார். உன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அந்தத் தெருவில் நடந்து போவதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வண்டி வரும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பார், யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று. நீயே ஸ்டேஷனுக்குப் போ. வழியில் ஒன்றும் சாப்பிடமாட்டார், அண்ணியிடம் சொல்லி வை. அந்த வீட்டில் யாராவது அவர்மேல் கை ஓங்கினால் நீ குறுக்கே போகாதே. ஆனால் விட்டுவிட்டும் வராதே.

அவர் வந்து சேர்ந்தாரா என்று எனக்கு ஒரு வரி எழுது. நான் கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.

பாப்பா